நெம்புகோல், சாவி, பிரேக்: தானியங்கிக் கியர் கார்களின் பூட்டுகள்

கேள்வி: தானியங்கிக் கியர் உள்ள காரில் பிரேக்கை மிதிக்காவிட்டால் கியர் நெம்புகோல் பார்க் நிலையை விட்டு நகர்வதில்லை. நெம்புகோல் பார்க்கில் இல்லாவிட்டால் சாவியை உருவ முடிவதில்லை. இவை ஒரே பூட்டின் இரு வேலைகளா, தனித்தனிப் பூட்டுகளா? உள்ளே என்ன நடக்கிறது?

பதில்: இவை தனித்தனியான இரண்டு பூட்டுகளே. ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடங்கும்படி கோக்கப்பட்டிருப்பதால் ஓட்டுநருக்கு அவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன. அவற்றின் இயக்கத்தை அறிய, அவை காவல் காக்கும் பார்க் நிலை எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

சாதாரணக் கிளட்ச் மிதி உள்ள காரை முதல் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்தினால், சக்கரங்கள் கிளட்ச் வழியாக எஞ்சினோடு பிணைந்தே இருப்பதால், சிலிண்டர்களுக்குள் அடைபட்ட காற்றின் எதிர்ப்பே காரை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்கிறது. தானியங்கிக் கியர்ப் பெட்டியில் இந்தப் பிணைப்பு நிலையானதன்று. அதில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே, எண்ணெயைச் சுழற்றி அதன் வழியாகவே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. கியர்களைத் தேர்ந்தெடுக்கும் உட்கிளட்ச்சுகளையும் எண்ணெயின் அழுத்தமே இறுக்குகிறது. அந்த அழுத்தத்தைத் தரும் பம்பை ஓட்டுவது எஞ்சின் என்பதால், எஞ்சின் நின்றதும் அழுத்தம் வடிந்து, கிளட்ச்சுகள் தளர்ந்து, சக்கரங்கள் தடையின்றி உருளக் கூடியவையாகிவிடுகின்றன. ஆகவே நிறுத்திய காரைப் பிடித்துவைக்கத் தனியே ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் வெளியீட்டுத் தண்டில் ஆழமான பற்கள் வெட்டிய வளையம் ஒன்றும், அதன் பக்கத்தில் ஓர் எஃகுக் கொக்கியும் அமைந்திருக்கின்றன. நெம்புகோல் பார்க்கிற்கு வரும்போது ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு கூம்பு அந்தக் கொக்கியை அழுத்த, கதவின் தாழ்ப்பாள் துளையில் விழுவதைப் போல அது இரு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழுந்து தண்டைச் சுழலவிடாமல் நிறுத்துகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கையில் யாரேனும் தவறிப் பார்க்கில் தள்ளிவிட்டால், பற்களின் சரிவு கொக்கியைக் கடகடவென்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் ஆள் நடக்கும் அளவுக்குக் குறைந்த பிறகுதான் அது உள்ளே விழும்.

ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையை நிறுத்தி வைப்பது ஒரு சிறிய எஃகுக் கொக்கியே என்பதைக் காரை ஓட்டும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பார்க் நிலை பிரேக் அன்று. பிரேக்கினால் நின்றுவிட்ட காரை நகராமல் பார்த்துக்கொள்ளும் தடை மட்டுமே. பிரேக்கை மிதித்தபடி கைபிரேக்கை முதலில் இழுத்து, அதன் பிறகு நெம்புகோலைப் பார்க்கில் வைத்து, கடைசியாகக் காலை எடுப்பதே சரியான வரிசை. இந்த வரிசை மாறினால், சரிவான இடத்தில் காரின் எடை முழுவதும் கொக்கியின் மேல் சாய்ந்துவிடுவதால், மறுநாள் நெம்புகோலை நகர்த்தும்போது பலமாக இழுக்க வேண்டியிருக்கும். கொக்கி விடுபடும்போது 'டங்' என்ற ஓசையும் எழும்.

இனி முதல் பூட்டைப் பார்க்கலாம். நெம்புகோலின் தலையில் உள்ள பொத்தானை அழுத்தினால், உள்ளே ஒரு கம்பி இறங்கி, ஒரு குறுக்கு ஆணியைப் படிக்கட்டு போல வெட்டப்பட்ட தகட்டின் பள்ளத்திலிருந்து விடுவிக்கிறது. பார்க் நிலைக்குரிய பள்ளம் மற்றவற்றைவிட ஆழமானது. அங்கே அந்த ஆணியின் வழியை மறித்துக்கொண்டு ஒரு சிறு தடுப்பு நிற்கிறது. அந்தத் தடுப்பை விலக்குவது சோலனாய்டு என்னும் மின்காந்தச் சுருள். சாவி ஆன் நிலையில் இருக்க, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க, பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்ச், பின்புறப் பிரேக் விளக்குகளை எரியச் செய்யும் அதே நொடியில் இந்தச் சுருளுக்கும் செய்தி அனுப்புகிறது. சுருள் காந்தமாகித் தடுப்பை இழுத்துக்கொள்ள, நெம்புகோல் விடுபடுகிறது. காதைக் கூர்ந்து வைத்தால் பிரேக்கை மிதிக்கும்போது நெம்புகோலின் அடியில் 'டிக்' என்ற மெல்லிய ஓசை கேட்கும். அது சோலனாய்டு இழுக்கும் ஓசை. இதில் மிகவும் மெச்சத்தக்கது, மின்சாரம் இருந்தால்தான் பூட்டு திறக்கும் என்ற தேர்வு. பேட்டரி செத்தாலும், ஃபியூஸ் போனாலும், கம்பி அறுந்தாலும் நெம்புகோல் பார்க்கிலேயே நிற்கும். கோளாறு எதுவாயினும் கார் உருளாத பக்கமே சாயும்படி வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது பூட்டு சாவி திரும்பும் உருளையில் இருக்கிறது. சாவியை உருவுவதற்கு அதை லாக் என்னும் கடைசி நிலை வரை திருப்ப வேண்டும். நெம்புகோல் பார்க்கில் இல்லாதபோது அந்தக் கடைசித் திருப்பத்தை ஒரு தடுப்பு மறிப்பதால், சாவி அதற்கு முந்திய ஆக்சஸரி நிலையிலேயே, அதாவது ரேடியோ போன்ற துணைக்கருவிகள் மட்டும் இயங்கும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. சில கார்களில் நெம்புகோலின் அடியிலிருந்து ஸ்டீயரிங் தண்டு வரை ஓடும் ஒரு கேபிள் இந்தத் தடுப்பை இழுக்கிறது. வேறு சிலவற்றில் உருளையின் பக்கத்திலேயே இன்னொரு சோலனாய்டு இருந்து, பார்க் நிலையை உணரும் சிறு சுவிட்ச் ஒன்றின் சொல்லைக் கேட்டு இயங்குகிறது. கேபிள் உள்ள கார்களில் அந்தக் கேபிள் எதிர்த் திசையிலும் வேலை செய்வதுண்டு: சாவி லாக் நிலையில் இருக்கும்போது நெம்புகோலை அசைய விடாது.

இவற்றோடு மூன்றாவதாக இன்னொரு தடையும் உண்டு. நெம்புகோல் பார்க்கிலோ நியூட்ரலிலோ இல்லாதபோது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. டிரைவ் நிலையில் எஞ்சின் உயிர்பெற்றால், டார்க் கன்வெர்ட்டர் வழியாகச் சிறிது விசை எப்போதும் கசிந்துகொண்டே இருப்பதால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே கார் ஊர்ந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

கேள்வி: இந்தப் பூட்டுகள் எப்போது, எதனால் கட்டாயமாயின?

பதில்: இவற்றின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவின் வரலாறு, தானியங்கிக் கியர் முதலில் பரவலானது அங்கேதான். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக் கியர்ப் பெட்டியில் பார்க் என்று தனி நிலையே இருக்கவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு நெம்புகோலை ரிவர்ஸில் விடுவதே நிறுத்தும் முறை. அதோடு, நிலைகளின் வரிசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது. சிலவற்றில் முன்னே செல்லும் தாழ்கியரை அடுத்தே ரிவர்ஸ் இருந்ததால், ஒரு காரில் பழகிய கை இன்னொரு காரில் ஏமாந்தது. ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற நூலில் இந்த வரிசைக் குழப்பத்தையும் கண்டித்தார். 1968-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி எண் 102, முன்செல்லும் நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருக்க வேண்டும், பார்க் இருந்தால் அது ரிவர்ஸை அடுத்த கோடியில் இருக்க வேண்டும், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டர் இயங்கக் கூடாது என்று வகுத்தது. இன்று உலகெங்கும் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒரே வரிசை காணப்படுவதன் வேர் இதுவே.

சாவிப் பூட்டு வேறொரு வழியில் வந்தது. அதன் தொடக்கம் திருட்டைத் தடுப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் சாவித் துளையை டேஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு மாற்றி, சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்படி செய்தது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி எண் 114, சாவியை எடுத்த பிறகு ஸ்டீயரிங்கோ, காரின் சுய இயக்கமோ தடைபட வேண்டும் என்றது. திருடனுக்காக எழுதப்பட்ட அந்த விதி பிற்காலத்தில் குழந்தைகளுக்காகத் திருத்தப்பட்டது. நின்றிருக்கும் காருக்குள் விளையாடும் குழந்தை நெம்புகோலை இழுத்துவிட, கார் சரிவில் உருண்டு உயிர்கள் போனதைக் கண்டு, நெம்புகோலைப் பார்க்கில் பூட்டினால்தான் சாவி வெளியே வர வேண்டும் என்று 1990-இல் விதி திருத்தப்பட்டு, 1992 செப்டம்பர் 1 முதல் செய்யப்படும் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆனால் சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு ஒருவர் இறங்கிப் போகும் வேளைக்கு அந்தத் திருத்தத்தில் மருந்து இல்லை. அந்த இடைவெளியை அடைத்தது பிரேக் பூட்டு.

பிரேக் பூட்டின் கதை ஆடி 5000 என்ற காரோடு பின்னியது. 1980-களில் அந்தக் கார் பார்க்கிலிருந்து விடுபட்டதும் தானாகப் பாய்கிறது என்று அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. 1986 நவம்பரில் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை நாடு முழுவதும் பரப்பியது. 1987 ஜனவரியில் ஆடி நிறுவனம் சுமார் 2.5 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதிக்காமல் பார்க்கை விட்டு நகராத பூட்டைப் பொருத்திக்கொடுத்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வின் அறிக்கை 1989-இல் வெளிவந்தபோது, பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் பிரேக் என்று எண்ணி ஆக்ஸிலேட்டரை மிதித்ததே என்று அது முடிவு கூறியது. கார் பாயும்போது அச்சத்தில் கால் இன்னும் அழுத்தும்; அழுத்த அழுத்தப் பாய்ச்சல் கூடும். இந்தத் தவறு முரட்டு ஓட்டுநர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. அனுபவமும் நிதானமும் உள்ளவர்களின் காலும் ஒரு நொடி இடம் தவறக்கூடும். பூட்டு இதற்கு என்ன செய்கிறது என்றால், கார் நகரத் தொடங்குவதற்கு முன்பே காலைப் பிரேக்கின் மேல் வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. தவறான மிதியில் கால் இருந்தால் நெம்புகோல் அசையாது. அசையாத நெம்புகோலே எச்சரிக்கையாகிவிடுகிறது. ஓட்டுநரைக் குற்றம் சாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் தவறு செய்ய முடியாத வரிசையை எந்திரத்திலேயே எழுதிவைத்த இந்தத் தீர்வு, மோட்டார் வாகனப் பொறியியலின் மிகச் சிறந்த எண்ணங்களில் ஒன்றாகக் கருதத் தக்கது.

மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து இப்பூட்டைப் பொருத்தத் தொடங்கின. எனினும் அது சட்டமாக மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. பின்னோக்கி வந்த காரில் அடிபட்டு இறந்த 2 வயதுக் குழந்தையின் பெயரைத் தாங்கிய குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் கையெழுத்தாயிற்று. 2010 செப்டம்பர் 1 முதல் செய்யப்படும், பார்க் நிலை உள்ள எல்லா இலகுரக வாகனங்களிலும் பிரேக்கை மிதித்தால்தான் பார்க்கிலிருந்து விடுபட வேண்டும், நெம்புகோல் நகரக் கூடிய எந்தச் சாவி நிலையிலும் இது பொருந்த வேண்டும் என்று அது விதித்தது. பின்புறக் கேமராவை அமெரிக்காவில் கட்டாயமாக்கியதும் இதே சட்டத்தின் வழி வந்ததே.

இந்த வரலாற்றில் மனத்தைக் கனக்கச் செய்யும் ஓர் அத்தியாயம் 1980-இல் நிகழ்ந்தது. ஃபோர்டு நிறுவனத்தின் 1966 முதல் 1980 வரையான மாடல்களில், நெம்புகோல் பார்க்கிற்கும் ரிவர்ஸுக்கும் நடுவே பார்க்கில் இருப்பது போன்ற தோற்றத்தில் நின்றுவிடுவதும், ஓட்டுநர் எஞ்சினை ஓடவிட்டு இறங்கிய பிறகு அதிர்வில் ரிவர்ஸுக்குச் சறுக்குவதும் உண்டு என்று புகார்கள் எழுந்தன. அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே எட்டப்பட்ட தீர்வின்படி ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் வாகன உரிமையாளர்களுக்கு அனுப்பப்பட்டது எச்சரிக்கை ஒட்டுச்சீட்டு மட்டுமே; பொறியமைப்பில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. பூட்டுகள் எத்தனை இருந்தாலும் அவை நம்புவது நெம்புகோலின் இடத்தை. நெம்புகோல் காட்டும் இடமும் பெட்டிக்குள் கொக்கி இருக்கும் நிலையும் வேறுபட்டால், எல்லாப் பூட்டுகளும் பொய்யான சாட்சியைக் கேட்டு ஏமாந்துபோகின்றன. ஒட்டுச்சீட்டால் அந்த வேறுபாட்டைத் திருத்த முடியாது.

கேள்வி: கார் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி தவறித் திரும்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளுமா?

பதில்: ஸ்டீயரிங்கைப் பூட்டும் ஆணி, சாவி லாக் நிலைக்குத் திரும்பினால்தான் ஸ்பிரிங் விசையால் வெளிவந்து ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் நுழையும். சாவிப் பூட்டு சரியாக இயங்கும் தானியங்கிக் கியர் காரில், நெம்புகோல் டிரைவில் இருக்கும்வரை சாவி லாக் நிலைக்குப் போகவே முடியாது. ஆகவே ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது. ஆனால் ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளன்று. சாவி ஆக்சஸரி நிலைக்குத் திரும்பினாலே எஞ்சின் நின்று, ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் துணைவிசை போய், பிரேக்கின் துணைவிசையும் இரண்டு மூன்று முறை மிதித்ததும் தீர்ந்துவிடும். இரண்டுமே வேலை செய்யும், பலமடங்கு கனக்கும். இவற்றைவிடக் கொடியது, காற்றுப்பைகள் விரியாமல் போவது.

2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததன் காரணம் இதுவே. சாவி ஆன் நிலையில் நிற்பதற்கு உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் தரும் பிடிப்பு இருக்க வேண்டும். அந்தக் கார்களில் அது தேவையான அளவைவிடத் தளர்ந்திருந்தது. சாலையில் ஒரு குழி, கனமான சாவிக்கொத்து, ஓட்டுநரின் முழங்கால் தட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே சாவியைத் திருப்பிவிடப் போதுமானதாயிற்று. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. மலிவான ஓர் உதிரிப்பாகத்தின் பிடிப்பு குறைந்ததற்கு இத்தனை உயிர்கள் விலையாயின என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி, சாமி படம் பொறித்த வில்லை எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துக் கார்ச் சாவியோடு தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. நல்ல நிலையில் உள்ள சுவிட்ச் அந்தக் கனத்தைத் தாங்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆடும் எடை உருளையின் உட்பகுதியைத் தேய்க்கக் கூடியது. கார்ச் சாவியைத் தனியே வைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

கேள்வி: திடீரென ஒரு நாள் நெம்புகோல் பார்க்கை விட்டு வர மறுத்தால், அல்லது சாவி உருவ வராமல் சிக்கிக்கொண்டால் எங்கே பார்க்க வேண்டும்?

பதில்: நெம்புகோல் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது காரின் பின்புறம். இன்னொருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் விளக்குகள் எரியாவிட்டால், கோளாறு பெரும்பாலும் பிரேக் மிதிக்கு மேலுள்ள சுவிட்சிலோ அதற்குரிய ஃபியூஸிலோ இருக்கும். ஒரே சுவிட்ச் விளக்கையும் பூட்டையும் ஆள்வதால் ஒரு காரணத்துக்கு இரண்டு அடையாளங்கள் கிடைக்கின்றன. அந்த நிலையில் எப்படியோ நெம்புகோலை விடுவித்து ஓட்டிச் செல்வது தவறு. பின்னால் வருபவருக்குப் பிரேக் அடிப்பதைக் காட்டும் விளக்கே இல்லாத கார் அது. விளக்கு எரிந்தும் நெம்புகோல் வரவில்லை, 'டிக்' ஓசையும் கேட்கவில்லை என்றால் சோலனாய்டையோ அதற்குச் செல்லும் கம்பியையோ மெக்கானிக் சோதிக்க வேண்டும். 'டிக்' கேட்டும் வரவில்லை, காரும் சரிவில் நிற்கிறது என்றால், எடை கொக்கியின் மேல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு பேர் காரை மேட்டுப் பக்கமாகச் சற்றே தள்ளிக்கொடுத்தால், பிரேக்கில் கால் வைத்திருக்கும் ஓட்டுநர் ஒரு கணம் காலைத் தளர்த்தி, எடை விலகியதும் மீண்டும் அழுத்தி மிதித்து நெம்புகோலை எடுக்கலாம்.

சாவி வராதபோது, நெம்புகோல் பார்க்கில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கொக்கி விழுந்தும், பார்க் நிலையை உணரும் சுவிட்ச் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், கார் இன்னும் பார்க்கிற்கு வரவில்லை என்றே சாவிப் பூட்டு எண்ணும். நெம்புகோலை மீண்டும் முன்னே அழுத்தித் தள்ளினால் சாவி வந்துவிடுவது இதன் அடையாளம். காப்பியும் குளிர்பானமும் கொட்டிப் பிசுபிசுப்பேறிய நெம்புகோல் அடிப்பகுதியும் இதே தொல்லையைத் தரும். சாவியைத் திருப்பவே முடியவில்லை, ஸ்டீயரிங்கும் இறுகியிருக்கிறது என்றால் பழுது எதுவும் இல்லை. பூட்டு ஆணியின் மேல் ஸ்டீயரிங்கின் அழுத்தம் இருக்கிறது, அவ்வளவே. ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் திறந்துவிடும். பலம் காட்டினால் சாவிதான் முறியும்.

கேள்வி: திருமண மண்டபத்தில் இடநெருக்கடியால் காரை நியூட்ரலில் விட்டுச் செல்லும்படி காவலர் கேட்கிறார். பூட்டு விடுவதில்லையே?

பதில்: பெரும்பாலான கார்களில் இதற்கென வழி வைக்கப்பட்டிருக்கிறது. நெம்புகோலின் அருகே சிறு மூடி ஒன்று இருக்கும்; அதைத் திறந்தால் தெரியும் துளையில் சாவியையோ திருப்புளியையோ விட்டு அழுத்தினால், மின்சாரத்தின் உதவியின்றித் தடுப்பு கையால் விலக்கப்படுகிறது. பேட்டரி செத்த காரை இழுத்துச் செல்வதற்கும் இதுவே வழி. அழுத்துவதற்கு முன் பிரேக்கில் கால் இருக்க வேண்டும், கைபிரேக்கும் இழுத்திருக்க வேண்டும். சிறு சரிவு உள்ள தரையிலும் இதைச் செய்யக் கூடாது. பூட்டு பழுதான காரில் தினமும் இந்தத் துளையைக் குத்தியே ஓட்டிக்கொண்டிருப்பவர், பூட்டே இல்லாத காரை ஓட்டுகிறார்.

கேள்வி: சில தானியங்கிக் கார்களில் பார்க் நிலையே இல்லையே, அது குறையா?

பதில்: அவை ஏஎம்டி வகைக் கார்கள், இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவுடன் பரவத் தொடங்கின. அவற்றில் இருப்பது சாதாரணக் கியர்ப் பெட்டியும் கிளட்ச்சுமே. மிதியை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் எந்திரம் ஏற்றுக்கொள்கிறது. எனவே கியரில் நிறுத்தினால் பழைய முறைப்படி எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் தனிக் கொக்கி தேவைப்படவில்லை. குறை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்கைச் சாட்சியாகக் கொண்ட சாவிப் பூட்டு இதில் அமைய வழியில்லை என்பதால், நியூட்ரலில் விட்டு இறங்கிவிடும் மறதியைக் கைபிரேக் ஒன்றே தடுக்கிறது.

கேள்வி: சாவியே இல்லாமல் பொத்தானை அழுத்தி இயக்கும் புதிய கார்களில் இந்தப் பூட்டுகள் என்னவாகின்றன?

பதில்: பூட்டுகள் இருக்கின்றன, ஆனால் உலோகம் செய்த வேலையை இப்போது கணினி நிரல் செய்கிறது. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் சாவி என்பது காரின் கணினியில் பதியும் மின்னணுக் குறியீடும் ஆகலாம். பார்க்கில் வைக்காமல் பொத்தானை அழுத்தினால் பல கார்கள் முழுவதும் அணையாமல் ஆக்சஸரி நிலையிலேயே நின்று ஒலியெழுப்பும். பழைய முறையில் சாவி கையில் வராத ஒன்றே ஓட்டுநரை இருக்கையில் பிடித்துவைத்தது. இங்கே சாவி சட்டைப்பையிலேயே இருப்பதால், ஒலியைக் கவனிக்காதவர் கதவைத் திறந்து இறங்கிவிட முடிகிறது.

நெம்புகோலின் இடமே மறைந்தபோது நேர்ந்ததை ஃபியட் கிரைஸ்லர் நிறுவனத்தின் வாகனங்கள் காட்டின. அவற்றின் மின்னணு நெம்புகோல், எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தாலும் கையை எடுத்ததும் நடுவிடத்துக்கே திரும்பிவிடும். எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை உணர வழியில்லை, விளக்கெழுத்தைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். பார்க்கில் வைத்துவிட்டதாக எண்ணி இறங்கியவர்கள் மேல் வாகனங்கள் உருண்டன. 2016 ஏப்ரலில் ஜீப் கிராண்ட் செரோக்கி உள்ளிட்ட சுமார் 11 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டு மாதங்களுக்குள், ஜூன் 19 அன்று, 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் நடித்த 27 வயது ஆன்டன் யெல்ச்சின், லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டு வாசல் சரிவில், திரும்ப அழைக்கப்பட்ட அதே வகையைச் சேர்ந்த வாகனம் உருண்டு நெருக்கியதில் இறந்தார். நிறுவனம் பின்னர் அளித்த திருத்தம், ஓட்டுநர் இறங்குவதை உணர்ந்தால் காரே பார்க்கிற்குச் செல்லும்படி நிரலை மாற்றுவது. இன்று திருகுக் குமிழோ பொத்தானோ வைத்த பல கார்களில் இத்தகைய ஏற்பாடு தொடக்கத்திலேயே இருக்கிறது. இருந்தாலும், பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்கு முன் திரையில் பார்க் எழுத்தைப் பார்த்துவிடும் பழக்கம் அத்தகைய கார்களுக்கு இன்றியமையாதது.

கேள்வி: பஞ்சரான சக்கரத்தை மாற்றும்போது பார்க்கில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தினால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் காரணமாக, உயர்ந்த சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் தாராளமாக உருளும். கொக்கி பள்ளத்தில் விழுந்தே இருந்தும் பயன் தராது. பின்சக்கரங்கள் தள்ளும் காரில் பின்சக்கரத்தை உயர்த்தினாலும் இதுவே நடக்கும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, ஜாக்கி வைக்கும் மூலைக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைத்த பிறகே காரை உயர்த்த வேண்டும்.